வலப்பக்கம் விழுந்த பூ

“தொண்ணூத்தி நாலுன்னு சொல்லித்தானுங்க பொண்ணக் குடுத்தீங்க? இங்க பாருங்க, தொண்ணூத்தி ரெண்டுன்னு கவர்மெண்ட்டே சீல் அடிச்சு வச்சிருக்குது! ஏமாத்திப்போட்டீங்க. பச்சையா ஏமாத்திப்போட்டீங்க!”

“ஏனுங்க சம்மந்தி, தெருவுல நின்னு எதுக்குங்க கத்தறீங்க? ஊட்டுக்குள்ள வந்து கத்துங்க. காப்பி வெக்கறேன்.”

“உங்க காப்பி எனக்கெதுக்குங்க? காப்பித்தூளுலயும் ரெண்டு வருசம் பழசக் கலந்திருப்பீங்க!”

சிங்காநல்லூரில் எங்கள் தெருச் சண்டைகளுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. எத்தனை கடுமையான வசவானாலும் அதன் வாலில் ஒரு ‘ங்க’ தொங்கிக்கொண்டிருக்கும். வெளியூரிலிருந்து குடிவந்தவர்கள் முதலில் இதை ஏதோ விருந்து உபசாரம் என்றே நினைப்பார்கள். நான் அப்போது காம்பவுண்டுச் சுவரோரம் முருங்கைக்கீரை பறித்துக்கொண்டிருந்தேன். சரியாக அந்த நேரத்தில் கீரை எதற்கு என்று கேட்காதீர்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் கீரைப் பொரியல். மறுநாளும் அதுவேதான், அவ்வளவு பறித்துவிட்டேன்.

கத்தியவர் கருப்பாத்தாள். சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் மல்லிகைத் தோட்டம், ஒரே மகன் மனோஜ்குமார். காப்பிக்குக் கூப்பிட்டவர் என் பக்கத்து வீட்டு வசந்தாமணி. மில்லில் வேலை பார்த்த கணவர் போய் ஒன்பது வருடமாகிறது, ஒரே மகள் நந்திதா. அந்த மகனுக்கும் இந்த மகளுக்கும் கல்யாணம் நடந்து பதினாலு மாதம்தான் ஆகியிருந்தது. பீளமேட்டில் தனிக்குடித்தனம் வைத்திருந்தார்கள். இரண்டு நாள் முன்பு அங்கே வந்திருந்த கருப்பாத்தாள் காஸ் புத்தகத்தைத் தேடப்போய், மருமகளின் ஃபைலில் பத்தாம் வகுப்பு மார்க் சீட்டைப் பார்த்துவிட்டார். கல்யாணத்துக்கு முன் கைக்கு வந்த ஜாதகத்தில் பிறந்த வருடம் 1994. மார்க் சீட்டில் 1992. மகன் பிறந்ததோ 1993. ஒரு வயது இளையவள் என்று கொண்டுவந்த மருமகள் ஒரு வயது மூத்தவளாகிவிட்டாள். அன்று சாயங்காலமே நந்திதா ஒரு பையோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் கேட்டைத் திறந்து உள்ளே போன நடையைப் பார்த்தே எனக்கு விஷயம் பாதி புரிந்தது. மீதிப் பாதிக்குத்தான் இரண்டு நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இப்போது அந்த மார்க் சீட்டின் ஜெராக்ஸைக் கருப்பாத்தாள் தெருவுக்கே காட்டிக்கொண்டிருந்தார். எதிர் வீட்டு மாடியில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. மாவு மில்லுக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். மனோஜ்குமார் மட்டும் தெருமுனையில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசி போட்டு உட்கார்ந்திருந்தான்.

நந்திதா வெளியே வந்தாள். வேலைக்குப் போகும் சுடிதார், கழுத்தில் கம்பெனி அட்டை. அவள் பம்பு பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். வெர்னியரை வைத்து அளந்து, அளவு சரியில்லாததைத் திருப்பி அனுப்புவதுதான் வேலை. பேச்சும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்.

“அத்தை, மார்க் சீட்டு சரிங்க. ஜாதகந்தான் தப்பு. நான் தொண்ணூத்தி ரெண்டுதான்.”

வசந்தாமணி மகளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். “நீ சும்மா இரு கண்ணு, பெரியவங்க பேசிக்கறோம்.”

“எதுக்கும்மா சும்மா இருக்கோணும்? உங்க பையனுக்கு இது கல்யாணத்துக்கு முன்னாலயே தெரியுங்க அத்தை. நானே சொன்னேன். வேணும்னா கார் கண்ணாடியத் தட்டிக் கேட்டுப் பாருங்க.”

கருப்பாத்தாள் போய்த் தட்டினார். கண்ணாடி நான்கு விரல் அளவுக்கு இறங்கியது. மகன் சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்த அம்மாள் திரும்பி வந்த வேகத்திலேயே பதில் தெரிந்தது.

“எனக்குத் தெரியாதுன்னு எம்பையன் சொல்றான். ஆத்தாளும் மகளுமாச் சேர்ந்து அவனையும் பொய்யனாக்கப் பாக்கறீங்களா? கோர்ட்டுல பாத்துக்கறேனுங்க!”

நந்திதா கார் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ரிவர்ஸ் எடுத்துத் திரும்பி, மாவு மில் தாண்டி மறையும் வரை பார்த்தாள். முகத்தில் அழுகை இல்லை. அளவு தவறிப்போன சாமானைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பெட்டியில் போடுவது என்று யோசிப்பவள் மாதிரி இருந்தாள்.

ஜாதகத்தில் இரண்டு வருடம் குறைந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஐயாசாமி என்ற கல்யாண புரோக்கர்தான் அதற்கு மூலம். எங்கள் பகுதியில் பாதிக் கல்யாணங்கள் அவருடைய ரெக்ஸின் பைக்குள்ளிருந்துதான் வெளியே வந்திருக்கின்றன. நந்திதா முப்பதைத் தொட்டபோது அவர் வசந்தாமணியிடம் சொன்னது சுவர் தாண்டி என் காதில் விழுந்தது. “முப்பதுன்னு போட்டா ஆரும் ஜெராக்ஸ் கூட எடுக்கமாட்டாங்கம்மணி. ரெண்டு வருசத்த நான் பாத்துக்கறேன். ஊரே செய்யறதுதான்.” வசந்தாமணி மறுக்கவில்லை. பாவம், மகளுக்காகப் பிள்ளையார் கோவில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றியே கை வழுவழுத்துப் போயிருந்த நேரம் அது. புதுத் தேதிக்கு ஒரு ஜாதகம் கணித்தாயிற்று. சனியும் குருவும் கேள்விமுறை இல்லாமல் வீடு மாறினார்கள். பேசி முடிவாகும் தறுவாயில்தான் நந்திதாவின் கண்ணில் அந்த நகல் பட்டது.

“அக்கா, பாயிண்ட் ரெண்டு மில்லி தப்பா இருந்தாலே பீஸைத் திருப்பி அனுப்பறவ நான். என் வயசுலயே ரெண்டு வருசத்த அடிச்சு வச்சிருக்கறாங்க” என்று என்னிடம் வந்து குதித்தாள். பிறகு மனோஜ்குமாரை ஃபோனில் கூப்பிட்டு, பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் வைத்து உண்மையைச் சொன்னாளாம். அவன் முட்டை பப்ஸைக் கடித்துக்கொண்டே, “வயசு என்னங்க வயசு, எனக்கு உங்களப் புடிச்சிருக்குது. அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க” என்றானாம். சாட்சி யாரும் இல்லை. நான்கூட இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் நான் இல்லாமல் போன நாள் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். இன்று வரை மனசு ஆறவில்லை.

ஒரு மாதத்தில் நோட்டீஸ் வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கும்போது நானும் பக்கத்தில் நின்றேன், கண்ணாடி போடாமலே படித்துவிட்டேன். விவாகரத்து கேட்கவில்லை. ‘எதிர்மனுதாரரின் வயது குறித்து வஞ்சனையாலும் மோசடியாலும் மனுதாரரின் சம்மதம் பெறப்பட்டபடியால், இத்திருமணம் செல்லாது என அறிவிக்க வேண்டும்’ என்று இருந்தது.

இதன் சூட்சுமம் எனக்கு முதலில் பிடிபடவில்லை. பிரிவதுதான் நோக்கம் என்றால் இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாமே? வக்கீல் ரூபினாதான் விளக்கினாள். உக்கடத்தில் ஆபீஸ் வைத்திருக்கிற பெண், நந்திதாவுடன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஹெல்மெட்டைக் கழற்றி டீப்பாய் மேல் வைத்துவிட்டு, வசந்தாமணி கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். விவாகரத்து ஆனால் மனோஜ்குமார் மறுமணக்காரன். புரோக்கர்களிடம் அந்த ஜாதகக் கட்டே தனி; அதை நாலு பேருக்கு ஒருவர்தான் பிரித்துப் பார்ப்பார். செல்லாத கல்யாணம் என்று கோர்ட்டு சொல்லிவிட்டால் கல்யாணமே நடக்கவில்லை என்று கணக்கு. பையன் மறுபடி முதல் கட்டுக்குப் போய்விடலாம்.

வசந்தாமணியின் முகம் மலர்ந்தது. “அப்பிடின்னா நம்ம பாப்பாவுக்கும் அதேதானுங்களே? கல்யாணமே ஆகாதவன்னு ஆயிருமுங்களே? ரூபினா கண்ணு, ஒத்துக்கலாஞ்சாமி. அவங்க கேக்கறத எழுதிக் குடுத்துட்டு வந்தர்லாம். இன்னொரு எடம் பாத்துக்கலாம்.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் பலரைக் கேட்டேன், சொன்னார்கள்.

நந்திதா தரையில் உட்கார்ந்து நோட்டீஸை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“பதினாலு மாசம் நான் அந்த ஆளுக்குப் பொண்டாட்டியா இருந்தேன். காத்தால அஞ்சரைக்கு எந்திரிச்சு ரெண்டு டிபன் கட்டுனேன். அவருக்கு டெங்கு வந்தப்ப ஆஸ்பத்திரி சேர்ல உக்காந்து தூங்குனேன். அதெல்லாம் நடக்கவே இல்லைன்னு ஒருத்தர் எழுதுவாங்க, நான் தலையாட்டோணுமா? அதுவும் ஏமாத்துக்காரின்னு பேரு வாங்கிட்டு?”

“தப்புப் பண்ணுனது நாந்தானே கண்ணு…”

“ஆமா, நீதான். அத உங்கிட்டத் தனியாக் கேட்டுக்கறேன். அத்தைகிட்ட நேரா சொல்லாம உட்டது என் தப்பு, அதையும் ஒத்துக்கறேன். ஆனா மோசடின்னு எம்பேருக்கு நேரா எழுத உடமாட்டேன். அவங்களுக்கு விவாகரத்து வேணும்னா நாளைக்கே வந்து கையெழுத்துப் போடறேன். இதுல ஒரு புள்ளிகூட வெக்கமாட்டேன்.”

ரூபினா சிரித்தாள். “நீ பத்தாங்கிளாஸ்லயும் இப்பிடித்தாண்டி இருந்த.” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நிலைமை கஷ்டம் என்றாள். ஜாதகம் பொய் என்பதை மறைக்க முடியாது. பேக்கரியில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது, அவன் கூண்டில் ஏறி இல்லை என்றுதான் சொல்வான். “ஆனா ஒண்ணு இருக்குதுங்க. ஒருத்தர் பொய் சொல்லிட்டாருங்கறதால மட்டும் சட்டத்துல மோசடி ஆயிராது. அந்தப் பொய்ய நம்பித்தான் எதிராளி சம்மதிச்சாங்கன்னு இருக்கோணும். நம்பவே இல்லைன்னா, பொய் பொய்யாவே கெடக்க வேண்டியதுதான். அவங்க ஜாதகத்த நம்பலீன்னு காட்ட ஏதாச்சும் இருக்குதுங்களா?”

வசந்தாமணி உதட்டைப் பிதுக்கினார். ஜாதகத்தை நம்பாத மாமியார் எங்கள் பக்கத்தில் யார்?

எனக்கு அப்போதுதான் கல்யாண மண்டபத்துப் பந்தி ஞாபகம் வந்தது. கருப்பாத்தாள் எங்கள் இலைகளுக்கு எதிரே நின்று, சாப்பிட விடாமல் சொன்ன கதை அது. பத்துப் பொருத்தத்தில் நாலுதான் பொருந்தியதாம். ஜோசியர் வேண்டாம் என்று ஜாதகத்தை மடித்துக் கொடுத்துவிட்டாராம். மகனுக்கு ஏற்கெனவே ஏழு இடம் தட்டிப்போயிருந்தது. இந்தப் பெண்ணோ கண்ணுக்கு நிறைவாக, வேலையில் இருக்கிறவளாக இருக்கிறாள். விட மனசில்லை. நேரே சென்னிமலைக்குப் போய் முருகனிடம் பூ உத்தரவு கேட்டிருக்கிறார். சாமியின் மேல் பூவை வைத்து வேண்டிக்கொள்வது. வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். “குருக்கள் கைய எடுக்கறதுக்குள்ள வலப்பக்கம் உழுந்துதுங்க! அப்பறம் என்னங்க ஜாதகம்?” என்று அந்த அம்மாள் கேட்டபோது என் இலையில் இரண்டாவது முறையாகப் பாயசம் விழுந்துகொண்டிருந்தது. அதனால்தான் அவ்வளவு தெளிவாக நினைவிருக்கிறது.

சொல்லி முடித்தேன். ரூபினா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அக்கா, இத வேற ஆருகிட்டயும் சொல்லிராதீங்க.”

என்னிடம் இதைவிடப் பெரிய உதவி யாரும் கேட்டதில்லை. ஏழு மாதம் காப்பாற்றினேன். இரண்டு கிலோ இளைத்தேன்.

விசாரணை நாளில் வசந்தாமணிக்குத் துணையாகவும், தேவைப்பட்டால் சாட்சியாகவும் நான் போனேன். குடும்பக் கோர்ட்டில் மற்றவர்களை உள்ளே விடமாட்டார்கள், கதவைச் சாத்திவிடுவார்கள் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அரசாங்கம் எங்களைப் போன்றவர்களை நினைத்தே அந்தச் சட்டத்தைப் போட்டிருக்க வேண்டும். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். முதலில் மனோஜ்குமாரின் முறை. அவன் குரல் வெளியே வரவேயில்லை. என்ன சொன்னான் என்பது நந்திதா பிறகு சொல்லித்தான் தெரியும். வயது விஷயம் எனக்குத் தெரியாது, பேக்கரிக்குப் போனேன், ஆனால் நந்திதா அப்படி ஒன்றும் சொல்லவில்லை, அம்மா ஜாதகம் பார்த்துச் சரி என்றார், அதனால் சம்மதித்தேன். நாலு வரி. சத்தியம் செய்துவிட்டுச் சொன்ன நாலு வரி. அவர்கள் வக்கீல் கோவிந்தராஜுலுவின் கட்டுமானமே அதுதான்: பையன் அம்மாவை நம்பினான், அம்மா ஜாதகத்தை நம்பினார், ஜாதகம் பொய், ஆகவே மோசடி.

அடுத்து கருப்பாத்தாள். இவர் விஷயத்தில் கதவு எங்களுக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. தோட்டத்தின் ஒரு கோடியில் நின்று மறு கோடியில் பூப்பறிக்கிறவர்களை ஏவிப் பழகிய தொண்டை அது. ரூபினாவின் கேள்விகள் முணுமுணுப்பாகவும் அந்த அம்மாளின் பதில்கள் முழுசாகவும் வந்தன. கேள்விகளை நந்திதாவிடம் பின்னால் கேட்டு நிரப்பிக்கொண்டேன்.

“ஜாதகம் பாத்தீங்களாம்மா?”

“பாத்தமுங்க.”

“பொருந்துச்சுங்களா?”

“பொருந்துச்சுங்க.” வக்கீல் சொல்லிக் கொடுத்திருந்தது, மனப்பாடமாக வந்தது.

“பத்துக்கு எத்தனைங்க?”

வந்தது ஒரு இருமல். வக்கீல் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

“சரி, அத உடுங்க. சென்னிமலையில பூ உத்தரவு கேட்டீங்கன்னு சொல்றாங்களே. அது பொய்யிங்களா? நீங்க கேக்கவே இல்லீங்களா?”

கோவிந்தராஜுலு எழுந்து, இது மனுவில் இல்லாத சங்கதி என்று ஆங்கிலத்தில் ஆட்சேபித்தாராம். நீதிபதி அம்மா, சாட்சி பதில் சொல்லட்டும் என்றாராம். கருப்பாத்தாள் தன் வக்கீலைப் பார்த்திருக்கிறார். வக்கீல் இமையை ஒரு தடவை மூடித் திறந்திருக்கிறார், இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்பதுபோல.

“இல்லீன்னு சொல்லச் சொல்றீங்களா?” வராந்தாவில் காத்திருந்த இன்னொரு ஜோடிகூடத் தங்கள் சண்டையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. “முருகன் எனக்கு வலப்பக்கம் குடுத்தானுங்க! குருக்கள் கைய எடுக்கறதுக்குள்ள குடுத்தான். அத எப்பிடிங்க இல்லீன்னு சொல்லுவேன்? நாக்கு அழுகிப் போயிராது?”

“அப்ப ஜாதகம் பொருந்தலீன்னாலும், பூ வந்ததாலதான் கல்யாணம் வெச்சீங்க?”

“ஆமாங்க! நாலுதான் பொருந்துச்சு. ஜாதகம் என்னங்க ஜாதகம், மனுசன் எழுதறது. ரெண்டு வருசத்தக் கூட்டி எழுதுவான், கொறச்சு எழுதுவான். நான் சாமி சொன்னதக் கேட்டுத்தான் கட்டி வெச்சேன்.”

பக்கத்தில் இருந்த வசந்தாமணி என் தொடையைக் கிள்ளினார். இரண்டு நாள் நீலமாக இருந்தது.

கதவு திறந்தபோது கோவிந்தராஜுலு கோப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதலில் வந்தார். “ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை இல்லைன்னு சொல்லியிருந்தா போதும்மா” என்றார். கருப்பாத்தாள் முந்தானையை உதறிக்கொண்டார். “கேசுக்காவ சாமியப் பொய்யாக்கச் சொல்றீங்களா? உங்களுக்கு வேணும்னா நீங்க சொல்லிக்குங்க. நான் பூ விக்கறவ, எனக்கு ஆவாது.” அந்த நிமிஷம் எனக்கு அந்த அம்மாள் மேல் ஒரு மரியாதை வந்தது. பிடிக்காதவர்கள் மேல் மரியாதை வருவது பெரிய தொந்தரவு.

பிறகு அவர் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். நேரே நந்திதா முன்னால் வந்து நின்றார். நானும் வசந்தாமணியும் எழுந்துவிட்டோம், அடி விழுமோ என்று. குரலைத் தாழ்த்தி, அவரால் முடிந்த அளவுக்குத் தாழ்த்தி, “அப்பறம் எதுக்கு கண்ணு முருகன் வலப்பக்கம் குடுத்தான்?” என்று கேட்டார். சண்டைக்குக் கேட்ட கேள்வியாக அது இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நந்திதாவும் குரலைத் தாழ்த்தியே சொன்னாள். “கல்யாணம் பண்ணலாமான்னுதானே கேட்டீங்க அத்தை. உங்க பையன் வாயத் தொறப்பாரான்னு கேக்கலீங்களே.”

கருப்பாத்தாள் திரும்பி மகனைப் பார்த்தார். அவன் படிக்கட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். பேக்கரியில் என்ன நடந்தது என்பது அந்தத் தாய்க்கு அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். விடுவிடு என்று படியிறங்கிப் போய்விட்டார். அம்மா தலை மறைந்ததும் அவன் நந்திதா அருகில் வந்தான்.

“சாரி நந்து. அம்மா முன்னால எனக்கு…”

“உள்ள சொல்ல வேண்டியத வராந்தாவுல சொல்றீங்க” என்றாள் அவள். “போங்க. அத்தை கார் சாவி இல்லாம வெயில்ல நிக்கறாங்க.”

மூன்று மாதம் கழித்து மனு தள்ளுபடியானது. தீர்ப்பின் நகலை ரூபினா வீட்டுக்கே கொண்டுவந்து படித்துக் காட்டினாள். ஜாதகத்தில் வயது தவறாகத் தரப்பட்டது உண்மை என்று முதலில் இருந்தது. வசந்தாமணி தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஜாதகத்தை நம்பித்தான் சம்மதம் தரப்பட்டது என்பது மனுதாரர் தரப்புச் சாட்சியாலேயே பொய்யாகிறது, ஆகவே எதிர்மனுதாரர் மீதான மோசடிக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை, திருமணம் செல்லும் என்று அடுத்து இருந்தது. நந்திதா அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அப்புறம் நகலை வாங்கி மடித்து, “இப்பக் கேளு அவங்க வக்கீல. விவாகரத்துக்கு எங்க வந்து கையெழுத்துப் போடோணும்?” என்றாள்.

“ஜெயிச்ச கையோட எதுக்குடி?” என்று வசந்தாமணி அலறினார். “செல்லும்னு எழுதிட்டாங்களே, இனி போய் வாழலாமே!”

“செல்லும்னு தெரிஞ்சுக்கத்தாம்மா சண்ட போட்டேன். இருந்த கல்யாணத்துல இருந்துதான வெளிய போக முடியும்?”

தெருவில் இதற்கு இரண்டு கட்சி. திமிர் பிடித்தவள் என்று மாவு மில் பக்கம். எதிர் மாடிக்காரர்கள் மட்டும் அவள் செய்தது சரி என்றார்கள், அதுவும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு. நான் இரண்டு இடத்திலும் உட்கார்ந்து காப்பி குடித்தேன்.

கையெழுத்து, காத்திருப்பு, மறுபடி கையெழுத்து என்று அதற்கும் காலம் ஓடியது. இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. மனோஜ்குமாருக்குப் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து பெண் எடுத்திருக்கிறார்கள். அழைப்பிதழ் எங்களுக்கு வரவில்லை. ஆனால் பெண்ணுக்கு அவனைவிட மூன்று வயது அதிகம் என்றும், கருப்பாத்தாளே அதைப் பந்தியில் எல்லோருக்கும் முன்கூட்டியே அறிவித்துவிட்டார் என்றும் போய்வந்தவர்கள் சொன்னார்கள். ஐயாசாமி சிங்காநல்லூரை விட்டு அவினாசிப் பக்கம் போய்விட்டார். அங்கே கம்ப்யூட்டர் வைத்து ஜாதகம் எழுதுகிறாராம். ரூபினாவுக்குத் திருச்சியில் மாப்பிள்ளை. அவர் சென்னையில் வேலையாக இருப்பதால் அவளும் அங்கே உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டாள். வசந்தாமணி அதே வீட்டில்தான் இருக்கிறார். என்னிடம் இரண்டு வாரம் பேசாமல் இருப்பார், பிறகு ரசப்பொடி கேட்டு வருவார்.

நந்திதா ஓசூருக்குப் போய் எட்டு மாதம். பெரிய கம்பெனி, தரப் பிரிவுக்கே அவள்தான் தலைமை. தனியாக வீடு எடுத்திருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிட்டேன். மழை, விலைவாசி, அவள் அம்மாவின் முழங்கால் எல்லாம் பேசி முடித்தோம். அந்த முனையில் குக்கர் முதல் விசில் அடித்தது. யாரோ ஒரு ஆண் தெலுங்கில் என்னவோ கேட்டான். இவள் ஃபோனிலிருந்து வாயை எடுக்காமலே, தட்டுத்தடுமாறின தெலுங்கில், ஒரு ‘ங்க’கூட இல்லாமல், அவனுக்குப் பதில் சொன்னாள். பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. இரண்டாவது விசில்.

நான் ஃபோனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

“கேக்கறதுன்னா கேளுங்கக்கா” என்றாள். சிரிக்கிறாள் என்று குரலில் தெரிந்தது. “கேட்டா சொல்லுவேன்.”

என் வாய் திறந்துதான் இருந்தது. அங்கே மூன்றாவது விசில் வந்தது. அந்தக் குரல் மறுபடி ஏதோ சொல்ல, அவள் பெரிதாகச் சிரித்து அடுப்பை அணைக்கச் சொன்னாள். நான் ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஓசூரில் யாரோ அடுப்புக் குமிழைத் திருகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.